புதுக் கிறீம், புது ஷம்பூ: முகத்துக்குப் போக முதல் கையில போட்டுப் பாருங்கோ

போன ஆனி மாசம், சோளகம் வீசத் தொடங்கின கிழமை, என்ர கண்மடல் ரெண்டும் வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சுது. முகத்துக்குப் போட்ட கிறீம்தான் பிழையெண்டு ஒரு மாசத்துக்குள்ள மூண்டு கிறீம் மாத்தினன். அந்த மூண்டும் இப்ப அம்மாவின்ர குதிக்கால் வெடிப்புக்குப் போகுது. கடைசியில பிடிபட்ட கள்ளன் தலைக்குப் போட்ட கொண்டிஷனர்.

தலையில போடுற சாமான் தலையைத்தான் கடிக்கவேணும் எண்டில்லை. உச்சந்தோல் தடிப்பு, கண்மடல் தோல் மெல்லிசு. முழுகேக்க வழிஞ்சு வாற நுரை கண்மடல், காதுக்குப் பின்பக்கம், பிடரி எண்டுதான் தன்ர வேலையைக் காட்டும். அந்த மூண்டு இடத்திலயும் கடி எண்டால் முகக் கிறீமை விட்டிட்டு முதல்ல ஷம்பூப் போத்தலைச் சந்தேகப்படுங்கோ.

1. எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ

தோல் சிவந்து, உரிஞ்சு கிடக்கேக்க புதுசா ஒண்டையும் சோதிக்காதேங்கோ. எது போட்டாலும் எரியும். தோல் ஆறும்வரைக்கும் வாசம் இல்லாத வெறும் பெற்றோலியம் ஜெலி காணும். முழுகி 3 நிமிசத்துக்குள்ள, ஈரம் காயமுதல் பூசுங்கோ. அது ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்.

2. லேபலை வாசியுங்கோ

'ஃபிறேக்ரன்ஸ் ஃப்ரீ' (வாசம் சேர்க்காதது) எண்டு கிடந்தால் எடுங்கோ. 'அன்சென்ரட்' (மணம் தெரியாதது) வேற கதை: மணத்தை அமத்துறதுக்கே இன்னொரு வாசம் போட்டிருப்பாங்கள். அடுத்து, 'மெதைல்ஐசோதயசோலினோன்' எண்ட நீளப் பேர். பழுதாகாமல் இருக்கப் போடுறது. பூசி விடுற கிறீம்களில இதைப் போடக்கூடாதெண்டு ஐரோப்பாவில 2017 இல இருந்து தடை. கழுவுற சாமான்களில கொஞ்சமாப் போட அங்கயும் விட்டிருக்கினம், அதால ஷம்பூவில கட்டாயம் பாருங்கோ. என்ர கொண்டிஷனரில இது மூண்டாவது வரியில இருந்தது.

'இயற்கை', 'மூலிகை' எண்டதைப் பாத்து மயங்காதேங்கோ. வேப்பெண்ணெயும் சிலருக்குக் கடிக்கும். விலாசமே இல்லாமல் வாற வெள்ளையாக்கிற கிறீமைக் கையில கூடப் போட்டுப் பாக்காதேங்கோ. பாதரசமோ ஸ்ரெரொயிட்டோ கலந்ததுகள் அந்தக் கூட்டத்துக்குள்ளதான் கிடக்கும்.

வாய் அகண்ட டப்பாவை விட பம்ப் வைச்ச போத்தல்தான் என்ர தெரிவு. விரல் உள்ள போகாது.

3. கைச் சோதனை

நான் சறுக்கினது இதிலதான். முந்தியும் கையில போட்டுத்தான் பாத்தனான். இரவு போட்டன், விடிய ஒண்டுமில்லை, முகத்துக்குப் போட்டன். மூண்டாம் நாள் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில இருந்து கன்னத்தைச் சொறிஞ்சு கொண்டிருந்தன். எரிச்சல் எண்டால் உடன தெரியும். ஒவ்வாமை அப்பிடியில்லை, உடம்பு யோசிச்சுப் பதில் சொல்ல 2, 3 நாள் எடுக்கும். சிலநேரம் அதுக்கும் மேல.

அதால இப்பிடிச் செய்யுங்கோ. முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழ, உள்பக்கமா, ஒரு அஞ்சு ரூபாக் குத்தி அளவு வட்டத்தில காலமையும் இரவும் பூசுங்கோ. 7 நாளில இருந்து 10 நாள் வரைக்கும். நாளுக்கு ஒருக்கா, அதே யன்னல் வெளிச்சத்தில, போனில ஒரு படம். பேனையால வட்டம் கீறினால் கிணத்தடியில அழிஞ்சுபோகும். நான் கையில இருக்கிற மச்சத்தை அடையாளமா வைச்சுக் கொள்ளுறனான்.

ஷம்பூ, கொண்டிஷனரை இப்பிடிப் பூசி விடக்கூடாது. 5 நிமிசம் வைச்சிட்டுக் கழுவுங்கோ, அதே ரெண்டு நேரம், அதே நாள் கணக்கு. சிவந்தால் கழுவி நிப்பாட்டுங்கோ. முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ படம் எடுத்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.

4. தண்ணியையும் கணக்கில எடுங்கோ

கொழும்பில நல்லா ஒத்துவந்த ஷம்பூ கொக்குவிலில ஏன் பிசுபிசுக்குது? எங்கட யாழ்ப்பாண நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைதான் தலையிலயும் படியுது. சவர்க்காரம் அந்தச் சுண்ணாம்போட சேர்ந்து கழுவுப்படாத ஒரு படையா ஒட்டும். அதோட சவர்க்காரத்தின்ர பீஎச், அதாவது கார-அமில அளவு, 9, 10. எங்கட தோல் 5 அளவில. காய்ஞ்ச தோலுக்கு இது ரெண்டும் சேர்ந்தால் அடிமேல் அடி. சவர்க்காரத்தை அக்குளுக்கும் காலுக்கும் மட்டும் வைச்சுக் கொள்ளுங்கோ. (போர்க்காலப் பொருளாதாரத் தடையில சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காயில உடுப்புத் தோய்ச்ச கதையை அம்மா இந்த இடத்தில தொடங்குவா. உடுப்பில மாடு வந்து வாய் வைக்குமாம்.)

கடைசி அலசலுக்கு ஒரு பானைத் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆற விடுங்கோ. அடியில படியிற வெள்ளையைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் வடிச்சு ஊத்துங்கோ. தலையை முன்னுக்குக் குனிஞ்சு, முகத்தில வழியாமல் அலசிப்போட்டுப் பிறகு முகத்தைத் தனியாக் கழுவுங்கோ. என்ர கண்மடலுக்கு இந்தக் குனியிறதே பாதி வைத்தியம்.

5. முகத்துக்கு

ஒரு நேரத்தில ஒரு சாமான்தான். ரெண்டு கிழமை போகட்டும், பிறகு அடுத்தது. ஒண்டாத் தொடங்கினால் எது கடிச்சதெண்டு கண்டுபிடிக்கேலாது.

பிறகு சேர்த்தது

வேலணையில இருந்து ஒரு அக்கா எழுதினா: "எங்கட கிணறு உவர், கொதிக்க வைச்சும் ஒரு மாத்தமும் இல்லைத் தங்கச்சி." சரிதான், கொதிக்க வைச்சால் உப்புப் போகாது. குடிக்க எடுக்கிற தண்ணியில ரெண்டு செம்பு ஒதுக்குங்கோ, மாரியில மழைத்தண்ணி பிடியுங்கோ.

தேசிக்காய் தேய்க்கலாமோ எண்டு மூண்டு பேர் கேட்டிட்டியள். வேண்டாம். அந்தப் புளி தோலில கிடக்க வெயிலுக்குப் போனால் கொப்புளம் போட்டு, கறுப்பு அடையாளம் மாசக் கணக்கில நிக்கும்.

தலைக்கு டை அடிக்கிற ஒரு மாமா, "பத்து வருசமாப் பாவிக்கிறன், எனக்கென்ன சோதனை" எண்டார். மாமா, டையில நிறத்துக்குப் போடுற பீபீடீ எண்ட இரசாயனத்துக்கு ஒவ்வாமை எந்த வருசமும் தொடங்கலாம். பெட்டிக்குள்ள இருக்கிற தாளில போட்டிருக்கிற மாதிரி ஒவ்வொருமுறையும் 48 மணித்தியாலத்துக்கு முதல் பாக்கவேணும். சின்ன வயசில கறுப்பு மெகந்தி போட்டுக் கை பொங்கினவை டையைத் தொடவே வேண்டாம், அந்த மெகந்தியிலயும் இதே பீபீடீதான்.