விடாமல் பிடிக்கும் முன்சில்லு பிரேக்: பழைய கார்களில் கெலிப்பரைக் கழற்றிச் சரிசெய்வது

முன்சில்லு ஒன்றிலிருந்து கருகிய வாடை, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, பெற்றோலும் கூடக் குடிக்கிறது. மலையகத்தில் ஓடும் பழைய கார்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு இது. கராஜில் கேட்டால் "கெலிப்பர் போயிடுச்சு, மாத்துங்க" என்பார்கள். பெரும்பாலும் கெலிப்பர் (பிரேக் பேட்டுகளை டிஸ்கோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) போயிருக்காது. கெலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின் ஒன்று துருப்பிடித்து இறுகியிருக்கும். பின், பிஸ்டன், ரப்பர் ஹோஸ் என்ற மூன்றில் எது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

கீழே உள்ளது டொயோட்டா கொரொல்லா 110 போன்ற, ஒரே பிஸ்டனும் இரண்டு ஸ்லைட் பின்னும் உள்ள கெலிப்பருக்கு. அந்தக் காலத்து லான்சர், சன்னியிலும் வேலை இதே மாதிரிதான். போல்ட் அளவுகள் மட்டும் மாறலாம்.

எந்தச் சில்லு?

இதை இறக்கத்தில் பார்க்காதீர்கள். ரம்பொடையிலிருந்து கம்பளைக்கு இறங்கி வந்தால் நல்ல பிரேக்கும் கொதிக்கத்தான் செய்யும். ஏற்றத்தில் பாருங்கள். கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. ஏறி முடிந்ததும் பெடலை முடிந்தவரை தொடாமல் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள். ரிம்மைத் தொடவே வேண்டாம், உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் தெரியும். ஒரு முன்சில்லு மட்டும் கொதித்தால் அதுதான் ஆள். சில்லு பெயரிங் பழுதானாலும் சூடு வரும். ஆனால் அதில் வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தமும், சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருக்கும்.

தேவையானவை

14, 17 ஸ்பானர்கள், சில்லு நட்டுக்கு 21 சொக்கெட், ஜி கிளாம்ப், வயர் பிரஷ், 1000 நம்பர் வெட் சாண்ட்பேப்பர், அரை லீற்றர் பிரேக் ஒயில், பிளீடருக்கு (கெலிப்பரிலிருந்து ஒயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) மாட்ட சேலைன் டியூப், பிரேக்குக்கான ரப்பர் கிரீஸ், கெலிப்பர் கிட். பிளீடருக்கும் பைப் நட்டுக்கும் சாதாரண திறந்த ஸ்பானரைப் போடாதீர்கள், முனை உருண்டுவிடும். ஃப்ளேர் ஸ்பானர் ஒன்று வாங்கி வைத்தால் காலத்துக்கும் உதவும். கிட்டில் ஜப்பான் செய்கென் கிடைத்தால் அதையே எடுங்கள். பெயரில்லாத கிட்டில் டஸ்ட் பூட் (தூசி மறைக்கும் ரப்பர் உறை) சரியாகப் பொருந்தாமல், சில மழைக்காலத்திலேயே உள்ளே தண்ணீர் விட்டுவிடும்.

தூக்கும் முன்

நம் பக்கம் சமதரை கிடைப்பதே கஷ்டம், ஆனாலும் தேடிப் பிடியுங்கள். கியரில் விட்டிருக்கிறோமே என்ற தைரியம் இங்கே செல்லாது. இது முன்சில்லு இழுக்கும் கார். ஒரு முன்சில்லைத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் அந்தச் சில்லைச் சுற்ற விடும். தரையில் இருக்கும் மற்றச் சில்லை கியரோ பார்க்கோ பிடித்து வைக்காது. பின்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அதன்பிறகு தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

பிளீடர் சோதனை

சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் பிளீடர் நிப்பிளில் டியூபை மாட்டி, கால் சுற்றுத் திறங்கள். ஒயில் பீறிட்டு வந்து சில்லு லேசானால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்திருக்கிறது. அது ஹோஸ் அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) குற்றம். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து வால்வு மாதிரி நின்றுவிடும். மிதிக்கும்போது ஒயில் போகும், திரும்பி வராது. பிளீடரை மூடி, மறுபடி மிதித்துப் பிடிக்க வைத்து, மாஸ்டர் சிலிண்டரில் அந்தப் பைப் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அப்போது சில்லு விட்டால் மாஸ்டர், விடாவிட்டால் ஹோஸ். ஹோஸ் மாற்றினால் இரு பக்கமும் மாற்றுங்கள், ஹோஸைக் கெலிப்பரில் பிடிக்கும் பாஞ்சோ போல்ட்டின் இரண்டு செப்பு வாஷரும் புதிதாக இருக்கட்டும்.

பிளீடரைத் திறந்தும் சில்லு இறுக்கமாகவே இருந்தால் பின் அல்லது பிஸ்டன்.

பின்: இங்கேதான் அவசரப்படக் கூடாது

கீழ் போல்ட்டைக் கழற்றும்போது பின்னும் சேர்ந்து சுற்றும். அதன் தட்டையான கழுத்தைத் திறந்த ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். மேல் போல்ட்டையும் கழற்றியதும் கெலிப்பரைக் கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் போகும்.

இப்போது பின் இரண்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். நல்ல பின் இரண்டு விரலில் உள்ளே போய் வெளியே வரும். இறுகிய பின்னைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், பின்கள் நுழையும் பிராக்கெட்டின் காது உடையும். துரு கரைக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊற விட்டு, ஸ்பானரால் இடமும் வலமும் திருப்புங்கள். முதலில் திருப்பு, பிறகு இழு. திரும்பத் தொடங்கினால் வெளியே வந்துவிடும். வரவே மறுத்தால் பிராக்கெட்டைப் பிடிக்கும் 17 அளவு போல்ட் இரண்டையும் கழற்றி, பிராக்கெட்டை வைஸில் மாட்டி, ரப்பரை எடுத்துவிட்டுச் சூடு காட்டலாம்.

இரண்டு பின்னும் ஒன்றல்ல. ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும், மற்றது வழவழப்பாக இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். மாற்றிப் போட்டால் பேட் ஒரு பக்கம் சரிந்து தேயும். புஷ் வீங்கியிருந்தால் அதுவே பின்னை இறுக்கும். முன்னால் வேலை செய்தவர் சாதாரண பெயரிங் கிரீஸ் போட்டிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். மண்ணெண்ணெய், டீசல், சாதாரண கிரீஸ் எல்லாமே கனிம எண்ணெய். பிரேக் ரப்பர் அதைக் குடித்து ஊதிவிடும். சிலிகோன் பிரேக் கிரீஸ், அல்லது டொயோட்டா சொல்லும் கிளைக்கோல் கலந்த லித்தியம் சோப் கிரீஸ், இரண்டில் ஒன்று. செப்பு கிரீஸ் பின்னுக்கு வேண்டாம்.

பின்னில் குழி விழுந்திருந்தால் புதிது வாங்குங்கள். பின் போகும் துளையைத் துளைகருவியால் பெரிதாக்காதீர்கள். சுருட்டிய சாண்ட்பேப்பரால் துருவை எடுத்து, ஸ்பிரிட்டால் கழுவினால் போதும்.

கிரீஸ் மெல்லிய படலமாக இருக்கட்டும். துளையின் அடி மூடியது. கிரீஸை அடைத்துவிட்டால் பின்னை உள்ளே தள்ளியதும் விரலை எதிர்த்துத் திரும்பி வரும். அப்படி வந்தால் பின்னின் ரப்பர் உறையின் உதட்டைச் சற்றுத் தூக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, மறுபடி தள்ளுங்கள். பின் தள்ளிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

பேட் உட்காரும் இடம்

பிராக்கெட்டில் பேட் காதுகள் உட்காரும் மெல்லிய எஃகுக் கிளிப்புகளைக் கழற்றுங்கள். அவற்றுக்கு அடியில் படியும் துரு கிளிப்பை மேலே தூக்கி, பேட்டை நெருக்கும். பின் நன்றாக இருந்தும் சில்லு பிடிக்கிறதென்றால் இங்கே பாருங்கள். உலோகம் தெரியும்வரை வயர் பிரஷ் போட்டு, கிளிப்பைத் திருப்பிப் பூட்டினால் பேட் விரலால் தள்ள நகர வேண்டும். பேட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் இரு பக்கமும் மாற்றுங்கள்.

பிஸ்டன்

பழைய பேட்டை வைத்து ஜி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். சீராக உள்ளே போனால் பிஸ்டனைத் தொடத் தேவையில்லை. அசையாவிட்டாலோ, டஸ்ட் பூட் கிழிந்து உள்ளே செம்மண் நிறத்தில் துரு தெரிந்தாலோ கழற்ற வேண்டும்.

டயர் கடைக் காற்றை விட்டுப் பிஸ்டனைத் தள்ளாதீர்கள், துப்பாக்கி ரவையாக வரும். ஹோஸைக் கழற்றும் முன்பே, கெலிப்பருக்குள் ஒரு பலகைத் துண்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்து வெளியே கொண்டுவாருங்கள்.

பிஸ்டனைத் திருப்பி இழுப்பதற்கு ஸ்ப்ரிங் எதுவும் கிடையாது. சதுர வெட்டுள்ள ரப்பர் சீல், பிஸ்டனோடு சற்று வளைந்து, அழுத்தம் விட்டதும் நிமிரும். அந்த நிமிர்வுதான் பிஸ்டனைப் பின்னுக்கு எடுக்கிறது. சீல் உட்காரும் காடியில் துருவோ கசடோ படிந்தால் சீல் பிஸ்டனை நெரிக்கும். ஆகவே புது சீலைப் போடும் முன் காடியைக் கூர்மையான மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், கீறல் விழுந்தால் ஒயில் கசியும்.

சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் பயமில்லை, சீல் பிடிப்பது பிஸ்டனின் மேல்தான். சாண்ட்பேப்பரைப் பிரேக் ஒயிலில் நனைத்துத் துடையுங்கள். ஆனால் பிஸ்டனின் குரோம் உரிந்திருந்தால் தேய்த்துப் பிழைக்க முடியாது, மாற்றுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கெலிப்பர் வாங்கினாலும் உள்ளே பழைய ரப்பர்தான். கிட் மாற்றாமல் பூட்டாதீர்கள்.

புது சீலையும் பிஸ்டனையும் சுத்தமான பிரேக் ஒயிலில் நனைத்து, கையாலேயே நேராக அழுத்துங்கள். சரிந்தால் இறுகும், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள்.

பூட்டுவதும் காற்றெடுப்பதும்

கொரொல்லாவில் பின் போல்ட் 34, பிராக்கெட் போல்ட் 88, சில்லு நட் 103 நியூட்டன் மீற்றர். பிளீடருக்கு 8 நியூட்டன் மீற்றர் போதும், பலம் காட்டினால் உடையும்.

ஒயில் டாங்கி காலியாகாமல் பார்த்துக்கொண்டால் கழற்றிய சில்லில் மட்டும் காற்றெடுத்தால் போதும். உதவியாள் மிதித்துப் பிடிக்க, திற, மூடு, பிறகுதான் காலை எடுக்கச் சொல்லு. குமிழி நிற்கும்வரை இதேதான். டொட் 3 (பிரேக் ஒயிலின் தரம்) கேட்கும் காரில் டொட் 4 போடலாம். மலைப்பாதைக்கு அதுதான் நல்லது. புதிய டொட் 3 கொதிப்பது குறைந்தது 205 பாகை செல்சியஸில், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140. டொட் 4க்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டொட் 5 சிலிகோன், அதைக் கலக்கக் கூடாது.

கார் அசையும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதிகள் தரைவரை போகும். இறக்கத்தில் நிறுத்தியிருக்கும் காரில் இதை மறந்தால் நிற்க வழியில்லை. பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, அதே ஏற்றத்தில் ஏறி இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: எல்லாம் செய்தும் ஒரு முன்சில்லும் அதன் எதிர்ப்பக்கப் பின்சில்லும் சேர்ந்து சூடாகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இந்தக் கார்களில் பிரேக் பைப் குறுக்காகப் பிரிந்திருப்பதால், அந்த ஜோடி சேர்ந்து பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடலை விரலால் அழுத்தினால் தொடக்கத்தில் சில மில்லிமீற்றர் வெறுமனே போக வேண்டும். போகாவிட்டால் பெடலிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் புஷ் ரொட் நீளமாகி, ஒயில் திரும்பும் துளையை மூடி வைத்திருக்கும். பூட்டிய கெலிப்பரை மறுபடி கழற்றும் முன் ரொட்டைக் குறையுங்கள்.