மணியடிக்கும் தங்க பொம்மைகள்: பழைய ஜாக்மார் கடிகாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீல எனாமல் பின்னணி. நடுவில் சின்ன வெள்ளை முகப்பு. அதன் இரு பக்கமும் கையில் சுத்தியலோடு இரண்டு தங்க உருவங்கள். சங்கிலி மாட்டும் காம்பை உள்ளே அழுத்தி விரலை எடுத்தால் சுத்தியல் பிடித்த கை மேலே போய்க் கீழே இறங்குகிறது. மூன்று முறை டிங், அப்புறம் மூன்று முறை டிங்-டாங். ஒரு டிங் ஒரு மணிக்கு, ஒரு டிங்-டாங் கால் மணிக்கு. மணி மூன்றே முக்காலைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இதுதான் ஜாக்மார் கடிகாரம். வெனிஸ் மணிக்கூண்டின் உச்சியில் 1490-களிலிருந்து மணியடித்துக்கொண்டிருக்கும் வெண்கல மனிதர்களைப் போன்ற உருவங்களுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். அவர்களைச் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கியவர்கள் ஸ்விஸ், பிரெஞ்சுக் கைவினைஞர்கள். 1790-களிலிருந்து சில பத்தாண்டுகள் இந்தக் கடிகாரங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. இருட்டில் மெழுகுவத்தி ஏற்றாமலே மணி தெரிந்துகொள்ளலாம் என்பது அவற்றின் முதல் பயன்.

முதல் தவறு பார்வையிலேயே தொடங்குகிறது. பொம்மைதான் மணியை அடிக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் ஓசை வருவது உள்ளே சுருண்டிருக்கும் எஃகுக் கம்பியிலிருந்து. அதை அடிப்பது மறைந்திருக்கும் சிறு சுத்தியல்கள். பொம்மையின் கை அந்தச் சுத்தியலோடு நெம்புகோலால் இணைக்கப்பட்டிருப்பதால் கூடவே அசைகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல், கை மாட்டிக்கொண்டால் ஊசியால் லேசாகத் தூக்கிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. கையைத் தூக்கும்போது உள்ளே இருக்கும் சுத்தியலையும் சேர்த்தே இழுக்கிறோம். வளைவது எது, உடைவது எது என்று வெளியிலிருந்து தெரியாது.

காம்பை அழுத்தும் விதத்திலும் தவறு நடக்கும். அந்த அழுத்தம்தான் மணியடிக்கும் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. நத்தை ஓடு போலப் படிப்படியாக வெட்டிய ஒரு தகடு, எத்தனை அடி என்று முடிவு செய்கிறது. பாதியில் விட்டால் சில கடிகாரங்கள் எண்ணிக்கையைக் குறைத்து அடிக்கும், சில அடிக்கவே அடிக்காது. உடனே ரிப்பேர் என்று முடிவு கட்டாதீர்கள். கடைசி வரை ஒரே சீராக அழுத்தி, சட்டென்று விட்டுவிட்டு, அடித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். முடியுமுன் மறுபடி அழுத்துவதும், அடித்துக்கொண்டிருக்கும்போது முள்ளைத் திருப்புவதும் கூடவே கூடாது. விருந்தாளிகளுக்குக் காட்டும் ஆசையில் இதைச் செய்துவிடுவோம், கவனம்.

சாவி கொடுப்பதும் அப்படித்தான். இவற்றில் பல, சைக்கிள் செயினைப் பொடியாகச் செய்தது போன்ற ஒரு சங்கிலியால் ஓடுகின்றன. அளவு சேராத சாவியைப் போட்டுத் திருகினால் சதுர முனை மழுங்கும். பல வருஷம் ஓடாமல் கிடந்ததற்குச் சாவி கொடுத்துப் பார்ப்பது அதைவிட மோசம். காய்ந்த எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். அதன் மேல் புது எண்ணெயைச் சொட்டினால் அழுக்கும் எண்ணெயும் குழைந்து அச்சு முனைகளைத் தேய்க்கும். முதலில் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு மனசு வலிப்பது நகைப்பட்டறையில் நடக்கும் சேதத்தைப் பார்த்தால்தான். தங்கம் என்பதாலேயே இதை நகையாக நடத்துகிறார்கள். உரைகல்லில் உரசுகிறார்கள். பாலிஷ் போடுகிறார்கள். அந்த உருவங்கள் ஒரே நிறத் தங்கம் அல்ல: வெள்ளி கலந்தது பசுமை தட்டும், செம்பு கலந்தது சிவக்கும். உடைக்கு ஒரு நிறம், மரத்துக்கு ஒரு நிறம் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். முகத்தில் கண்ணும் மூக்கும் மயிரிழைக் கோடுகள். அழுத்தித் துடைத்தால் அந்த முகம் வழவழப்பாகிப் போகும், திரும்ப வராது. நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் விரிசல் விட்ட எனாமல் உதிரும். எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிதானே! அதனால் காம்பு வளையம் விட்டுப்போனதென்று பக்கத்தில் நெருப்பு ஊதிப் பற்றவைப்பதும் ஆபத்து. அப்படியே எடை போட்டு உருக்கத் துணிந்தால், உலோகத்தின் விலைதான் கையில் மிஞ்சும்.

வாங்கும்போது பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பாரிஸின் பேர்பெற்ற கடிகாரக் கலைஞர் ப்ரெகே 1823-இல் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோதே அவர் பெயரைப் போட்டுப் போலிகள் வந்தன. அதற்காகவே 1795 வாக்கில் முகப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ரகசியக் கையெழுத்தைச் சேர்க்கத் தொடங்கினார். 'ப்ரெகே' என்று பெரிதாக எழுதிய ஜாக்மார் கிடைத்தால் சந்தேகத்தோடு தொடங்குவது நல்லது. அதேபோல தங்கத்தின் தரத்துக்கு ஸ்விஸ் அரசு போட்ட பெண் தலை முத்திரை இல்லையே என்று ஒதுக்கவும் வேண்டாம். அந்த முத்திரையே 1880-களில்தான் வந்தது. உள் இயந்திரமும் வெளி உறையும் பிறவியிலேயே ஒன்றா, தேவையில்லாத துளைகள் தெரிகின்றனவா என்று திறந்து பார்ப்பது இவற்றைவிட முக்கியம்.

விற்பவர் மூன்று மணிக்கு வைத்து அடித்துக் காட்டினால் அதோடு திருப்திப்படாதீர்கள். மூன்று அடியைச் சோர்ந்த ஸ்பிரிங்கும் சமாளிக்கும். அவரையே முள்ளை முன்பக்கமாகத் திருப்பி 12.50-இல் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பன்னிரண்டு ஒற்றை அடி, மூன்று இரட்டை அடி. கடைசி இரட்டை அடி வரை வேகம் குறையாமல் வருகிறதா, இரு பொம்மைகளின் கையும் ஓசையோடு சேர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு 1.05-க்கு நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே ஒரு டிங் கேட்டு நிற்க வேண்டும்.