சுவருக்கு நிறம் பார்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

அக்கா வீட்டுப் படுக்கையறைக்குச் சாம்பல் நிறம் அடித்தோம். கடையில் ஷேடு கார்டைப் புரட்டி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். மழைக்கு முன் வரும் மேகம் மாதிரி மெல்லிய சாம்பல். பெயிண்டர் சுத்தமாக இரண்டு கோட் அடித்துக் கொடுத்தார். பகலில் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி விளக்கைப் போட்டதும் அக்காவிடமிருந்து போன். "இது சாம்பலாடா? கத்தரிப்பூ கலர்ல இருக்கு, வந்து பாரு." போய்ப் பார்த்தேன். நான்கு சுவரும் ஊதாவாக நின்றன.

பெயிண்டிலும் குறையில்லை, அடித்தவரிடமும் குறையில்லை. அந்தச் சாம்பலுக்குள் நீலமும் கொஞ்சம் சிவப்பும் இருந்தன. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணில் படவில்லை. படுக்கையறையின் மஞ்சள் பல்பு அதைத் தூக்கிக் காட்டிவிட்டது. ஓர் அறைக்கான நிறத்தை வேறோர் இடத்தில், வேறொரு வெளிச்சத்தில் முடிவு செய்ததுதான் பிழை. அதன் பிறகு பல வீடுகளில் நிறம் பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். சறுக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

வெளிச்சத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்ப்பது

சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. நாம் நிறம் என்று பார்ப்பது அந்த மீதியைத்தான். விழும் வெளிச்சம் மாறினால் மீதியும் மாறும். கடையில் ஒன்றுபோலவே தெரிந்த இரண்டு சாம்பல்கள் வீட்டில் வேறு வேறாகத் தெரிவதும் இதனால்தான். ஒவ்வொன்றிலும் கலந்திருக்கும் சாயங்கள் வேறு.

பல்பு டப்பாவை எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்ல, கெல்வின் கணக்கில் ஓர் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை என்றால் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். 4000 நடுநிலை. 6500 என்றால் நீலம் சாய்ந்த வெள்ளை, மேகமூட்டமான பகல் மாதிரி. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். சில டப்பாக்களில் நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள். அதற்கு உச்சம் 100. சாதாரண எல்இடி பல்புகள் 80 சுற்றி இருக்கும். 90க்கு மேல் உள்ளதை வாங்கினால் சுவர் மட்டுமல்ல, துணியும் முகமும்கூட உயிரோடு தெரியும்.

அதனால் அடித்த நிறம் பிடிக்கவில்லை என்றால், மறுபடியும் பெயிண்ட் வாங்கும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள். அக்கா வீட்டில் 4000 கெல்வின் பல்பு போட்டதும் ஊதா பாதி அடங்கியது. மீதிப் பாதியோடு கொஞ்ச நாள் ஓட்டினாள்.

சரி, பகல் வெளிச்சம்? அது ஜன்னல் பார்க்கும் திசையைப் பொறுத்தது. பூமியின் வட பாதியில் நன்கு மேலே இருக்கும் ஊர்களில், வடக்கு பார்த்த அறைக்கு நேர் வெயில் மிகக் குறைவு. நாள் முழுக்க நீலம் சாய்ந்த, நிதானமான வெளிச்சம் வரும். அங்கே நீலச் சாம்பலை அடித்தால் அறை சில்லென்று வெறிச்சோடித் தெரியும். தெற்கு பார்த்த அறையில் அதே நிறம் இதமாக இருக்கும். தென் பாதியில் இது அப்படியே தலைகீழ். கிழக்கு ஜன்னலுக்குக் காலையில் பொன் வெயில், மாலையில் மந்தம். மேற்கு ஜன்னலுக்கு நேர்மாறு. இதோடு ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அடர்ந்த மரம் இருந்தால் உள்ளே வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். எதிர்வீட்டுச் சுவர் செங்கல் நிறம் என்றால் சிவப்பு கலந்திருக்கும்.

அந்த அறையில் நீங்கள் எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்றும் யோசியுங்கள். இரவில் மட்டும் புழங்கும் அறையை நண்பகலில் நின்று முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை.

போன் திரையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பதும் இதே தவறுதான். திரை தானே ஒளிர்கிறது, சுவர் ஒளிர்வதில்லை. எந்த மாதிரி நிறம் வேண்டும் என்று யோசனை எடுக்கத் திரை போதும். எந்த எண் ஷேடு என்று முடிவெடுக்கப் போதாது.

கட்டைவிரல் அளவுத் துண்டை நம்புவது

ஷேடு கார்டில் இருப்பது சின்னத் துண்டு. சுற்றிலும் வெள்ளைக் காகிதம். அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது, ஒரு சுவரின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு, அங்கிருந்து மறுபடி இங்கே வரும். ஒவ்வொரு முறை படும்போதும் நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும். கார்டில் கூச்சத்தோடு எட்டிப்பார்த்த மஞ்சள் அறையில் கத்துவது இதனால்தான். இரண்டு ஷேடுகளுக்கு நடுவில் மனம் ஊசலாடினால், அதே வரிசையில் வெளிரிய பக்கம் இருப்பதை எடுங்கள். நான் பார்த்தவரை, அடர்த்தி போதவில்லை என்று வருந்தியவர்கள் குறைவு.

சாம்பிள் டப்பா வாங்கி நேராகப் பழைய சுவரில் நாலு பட்டை இழுத்துப் பார்ப்பது பெரும்பாலோர் செய்வது. அதுவும் ஏமாற்றும். 19ஆம் நூற்றாண்டில் பாரிசின் கோப்லான் நெசவாலையில் சாயத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் யூஜீன் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால் கறுப்பு மங்கிப்போய்த் தெரிந்தது. பக்கத்து நிறம் நம் கண்ணின் தீர்ப்பை மாற்றுகிறது என்பதை 1839இல் அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். பழைய பச்சைச் சுவரின் நடுவில் நீங்கள் இழுக்கும் பட்டையும் அந்தக் கறுப்பு நூல் மாதிரிதான். சுற்றியுள்ள பச்சை அதைச் சிவப்புப் பக்கம் தள்ளிக் காட்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி அட்டை இரண்டு எடுத்துக்கொள்வேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக விட்டுவிட்டு, நடுவில் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காயவிடுவேன். அப்புறம் அதை அறைக்குள் இடம் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்ப்பேன். ஜன்னலுக்கு எதிரே, ஜன்னலை ஒட்டி, கட்டிலுக்குப் பின்னால், தரையோடு சேர்த்து. காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவில் விளக்குப் போட்டு ஒரு முறை. கடைசியாக இரண்டு அட்டையையும் அறை மூலையில் புத்தகம் விரித்தது போல ஒன்றையொன்று பார்க்க நிறுத்துவேன். அந்த மூலைக்குள் நிறம் சட்டென்று ஆழமாகும். நான்கு சுவரும் அடித்த பிறகு அறை எப்படி இருக்கும் என்பதற்கு அந்த மூலைதான் ஒத்திகை. அக்கா வீட்டில் அன்றைக்கு இதைச் செய்திருந்தால், மூலை ஊதாவாவதை முதல் இரவிலேயே பார்த்திருப்போம்.

காயும்வரை பொறுக்க வேண்டும். எமல்ஷனில், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்டில், இருக்கும் பசை ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் பெரும்பாலான எமல்ஷன் ஷேடுகள் ஈரத்தில் வெளிரித் தெரிந்து, காய்ந்தபின் ஒரு படி அடர்த்தியாகும். ரோலர் உருளும்போதே "கலர் தப்பாயிடுச்சே" என்று பெயிண்டரை நிறுத்தாதீர்கள்.

அடிநிறத்தைக் கவனிக்காமல் விடுவது

வெள்ளை, கிரீம், சாம்பல், மணல் நிறம் என்று 'ஒன்றும் ஆகாது' என நினைத்து எடுக்கும் நிறங்கள்தான் அதிகம் காலை வாரும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கும். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என ஏதோ ஒன்று. தனியாகப் பார்த்தால் பிடிபடாது. ஒரு தூய வெள்ளைத் தாளை ஒட்டிவைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு வழி, கார்டில் அதே வரிசையின் மிக அடர்ந்த துண்டைப் பார்ப்பது. அது பச்சையாக இருந்தால் மேலே இருக்கும் வெளிரிய தம்பியிடமும் பச்சை இருக்கிறது.

வெள்ளைக்கு இது இன்னும் முக்கியம். மஞ்சள் சாய்ந்த வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளைக் கதவு இருந்தால், சுவர் அழுக்கேறிய மாதிரி தெரியும். தனித்தனியே இரண்டும் அழகுதான். தரையும் அப்படியே. தரையிலிருந்து எழும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியையும் சீலிங்கையும் நனைக்கிறது. இளஞ்சிவப்பு சாய்ந்த டைல்ஸுக்கு மேல் பச்சை சாய்ந்த கிரீம் அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மாற்ற முடியாத பொருள்களை முதலில் பட்டியலிடுங்கள்: தரை, கதவு, சமையல் மேடைக் கல், குளியலறை டைல்ஸ். நிறம் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

இதையொட்டி ஒரு வரிசைத் தவறும் உண்டு. பெயிண்டை முதலில் முடித்துவிட்டுத் திரைச்சீலையும் சோபாவும் தேடி அலைவது. கடையில் பிடித்த துணி பத்துதான் கிடைக்கும், பெயிண்டோ ஆயிரக்கணக்கான ஷேடுகளில் கலந்து தருகிறார்கள். துணியை எடுத்துவிட்டு அதற்கேற்ற பெயிண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எதிர்த்திசையில் போனால் திண்டாட்டம்.

கேள்விப்பட்டதை விதியாக எடுத்துக்கொள்வது

சின்ன அறைக்கு வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்பார்கள். வெளிச்சம் வரும் சின்ன அறைக்கு அது சரி. ஜன்னலே இல்லாத, மங்கலான அறைக்கு இல்லை. வெள்ளை தானாக வெளிச்சம் தராது, வந்ததைத்தான் திருப்பித் தரும். வருவது குறைவாக இருந்தால் சுவர் ஈரத் துணி மாதிரி சோர்ந்து தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் அடர்ந்த நீலமோ மண் நிறமோ கம்பீரமாக நிற்கும். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகப் பல கம்பெனிகளின் கார்டுகளில் கொடுக்கிறார்கள். வெள்ளை வகைகள் பெரும்பாலும் 80க்கு மேல் இருக்கும், அடர் நிறங்கள் 20க்குக் கீழே. அறையின் இருட்டோடு அந்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் தூக்கம் வரவைக்கும் என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 1979இல் அமெரிக்காவில் ஒரு சிறை அறைக்கு ஒரு வகை இளஞ்சிவப்பு அடித்தால் கைதிகள் சாந்தமாகிறார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு முறையாகச் சோதித்தபோது, 2015இல் வெளியான சுவிட்சர்லாந்துச் சிறை ஆய்வு உட்பட, அந்தப் பலன் தெரியவில்லை. உங்களுக்கு எந்த நிறத்தில் மனம் இளைப்பாறுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஊர் சொல்வதற்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அறைக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாக யோசிப்பதும் நிறையப் பேர் செய்வது. ஹாலில் நின்றால் எத்தனை அறைகளின் சுவர் ஒரே பார்வையில் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவையெல்லாம் ஒரே படத்துக்குள் இருக்கின்றன. ஒரு சுவருக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுப்பதென்றால், உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் முழுச்சுவருக்குக் கொடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம். பகலில் வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வருவதால் எந்த நிறமும் அங்கே கறுத்துத்தான் தெரியும்.

பளபளப்பும் டப்பாவும்

ஒரே எண், ஒரே நிறம். பளபளப்பே இல்லாத 'மேட்' வகையில் அடித்தால் மென்மையாக, கொஞ்சம் வெளிரித் தெரியும். பளபளப்பு ஏற ஏற ஆழமாகும். மேட் சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும், ஆனால் துடைத்தால் தேய்ந்த தடம் விழும். பளபளப்பு எளிதில் துடைக்கலாம், ஆனால் பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். சீலிங்குக்கு மேட். குழந்தைகள் கை வைக்கும் நடைக்கும் சமையலறைக்கும் மிதமான பளபளப்புள்ள சாட்டின். சாம்பிளையும் அடிக்கப்போகும் அதே பளபளப்பிலேயே வாங்கிப் பாருங்கள்.

தேவையான பெயிண்டை ஒரே தடவையில் வாங்குங்கள். பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி, மாறினால் நிறம் நூலிழை மாறும், அது சுவரின் நடுவில் கோடாக நிற்கும். ஒரே பேட்ச் என்றாலும் டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து அடிப்பது நல்லது. ஒரு கம்பெனியின் ஷேடை இன்னொரு கம்பெனியில் கலந்து வாங்கினால் கிட்டத்தட்டதான் வரும், அதேபோல் வராது. டச்சப் செய்ய அரை லிட்டர் மீதி வையுங்கள். சில வருஷம் ஆன சுவரில் அதே பெயிண்டும் திட்டாகத் தெரியலாம். அப்போது மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை முழுசாக அடித்துவிடுங்கள்.

அக்கா வீட்டு அறைக்குப் போன வருஷம் மறுபடி அடித்தோம். அட்டைகள் பத்து நாள் அந்த அறையிலேயே கிடந்தன. நாலு சாம்பல்களில் மூன்று இரவில் தோற்றன. ஜெயித்தது கடையில் நாங்கள் திரும்பியே பார்க்காத, லேசாகப் பச்சை சாய்ந்த ஒன்று. அதன் ஷேடு எண், பேட்ச் எண், பளபளப்பு, அடித்த தேதி, பல்பின் கெல்வின் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள்.