பழைய அரத்துல சின்ன கத்தி அடிக்கலாம் வாங்க

பெங்களூர்ல இருக்கீங்கன்னா சிவாஜிநகர் குஜ்ரி (பழைய இரும்பு சாமான் கடைங்க) பக்கம் போய் பழைய அரம் கேளுங்க. வண்டியோட லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை ஸ்பிரிங்) ஓகே தான், ஆனா தடிமனா இருக்கும், புதுசா அடிக்கிறவங்களுக்கு கை ஓஞ்சுபோயிடும். டிரில் பிட் வேண்டவே வேண்டாம், அது ஹை ஸ்பீட் ஸ்டீல், நம்ம கரி உலைக்கு அடங்காது.

எல்லா அரமும் உள்ள வரைக்கும் ஹை கார்பன் ஸ்டீல் இல்ல, சிலதுல மேல்தோல் மட்டும் தான் கெட்டி. அதனால நுனில ஒரு துண்டு வெட்டி செவக்க காய்ச்சி தண்ணில முக்கி, துணி சுத்தி வைஸ்ல புடிச்சு தட்டுங்க (கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கிட்டு), படக்குனு உடைஞ்சா எடுத்துக்கலாம், வளைஞ்சா திருப்பி குஜ்ரிக்கே.

அடிக்கறதுக்கு முன்னாடி அரத்தோட பல்ல முழுசா கிரைண்ட் பண்ணிடுங்க, இல்லன்னா மடிஞ்சு உள்ள போய் அங்கதான் விரிசல் விடும். ஆரஞ்சு கலர்ல அடிங்க, மங்கின சிவப்பு வந்ததும் நிறுத்திட்டு திரும்ப உலைல வைங்க. பொறி பறந்தா ஸ்டீல் எரியுதுன்னு அர்த்தம்.

ஷேப் வந்ததும் 3 தடவ காய்ச்சி சும்மா காத்துல ஆற விடுங்க, நெறைய பேர் சோம்பேறித்தனத்துல இத விட்டுடறாங்க. வெட்டுற விளிம்ப 1.5 மில்லிமீட்டர் தடிமனாவது விட்டு வைங்க. அப்புறம் காந்தம் ஒட்டாம போற சூடு, அதுக்கு மேல கொஞ்சூண்டு, உடனே 50-60 டிகிரி சூடான கடலை எண்ணெய்ல நேரா இறக்குங்க. தகர டப்பா தான், பிளாஸ்டிக் இல்ல, எண்ணெய் தீ புடிக்கும், மூடி பக்கத்துலயே இருக்கணும். தண்ணில முக்கினா பிளேடு விரிசல் விட்டுடும்.

இப்ப அது கண்ணாடி மாதிரி, கீழ போட்டா போச்சு. உடனே ஓடிஜில (கரண்ட் அவன்) 200 டிகிரி, 2 மணி நேரம், ரெண்டு ரவுண்டு. வெளிர் வைக்கோல் கலர் வரும். அப்புறம் கிரைண்ட் பண்ணும்போது கை சுடுதுன்னா தண்ணில முக்கி முக்கி பண்ணுங்க.