தெருவில் கேட்பாரற்று நிற்கும் கார்

பல நாள்களாக அசையாமல் நிற்கும் கார் திருட்டு வண்டியோ என்ற ஐயம் எழுந்தால், முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உரிமையாளர் மருத்துவமனையில் படுத்திருக்கவும் கூடும். யாருக்கும் தெரியவில்லை என்றால், வண்டியைத் தொடாமல் சுற்றிவந்து பாருங்கள். உடைந்த கண்ணாடி, நெம்பப்பட்ட சாவித்துளை, முன்னும் பின்னும் வேறுபடும் நம்பர் பிளேட், தூசி படிந்த வண்டியில் பளபளக்கும் புதுத் திருகாணிகள் ஆகியவை கவனத்துக்குரியவை. கதவைத் திறக்க முயலாதீர்கள். கைரேகைகள் அழிந்துபோகும், பழியும் உங்கள்மேல் விழக்கூடும்.

பதிவெண், நிறம், நிற்கும் இடம், முதலில் கண்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு படமெடுங்கள். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த 17 இலக்க வாகன அடையாள எண் வெளியிலிருந்தே தெரியும். அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் இடம்பெறுவதில்லை என்பதால், ஓ போலத் தெரிவதைச் சுழியம் என்றே எழுதுங்கள். நம்பர் பிளேட்டைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம், இதை அப்படி மாற்ற முடியாது என்பதால், காவல்துறைக்கு இதுவே பெரிதும் உதவும்.

பிறகு காவல் நிலையத்தில் தெரிவித்து, புகார் எண்ணைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். யாரேனும் வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாலோ பெட்ரோல் கசிந்தாலோ, விலகி நின்று உடனே அவசர எண்ணை அழையுங்கள். திருட்டு வண்டி இல்லை என்று தெரிந்தால், அதை அப்புறப்படுத்த உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.