பெரிய விமானத்துக்குப் பின்னால் இறங்கும்போது
சிறிய விமானம் ஓட்டுகிறீர்களா? முன்னால் ஒரு போயிங் இறங்கினால், அதன் சக்கரம் பட்டுப் புகை கிளம்பும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். அது வந்த பாதைக்கு மேலேயே வந்து, அந்த இடத்தைத் தாண்டித் தரையைத் தொடுங்கள். இறக்கை நுனிகளில் கிளம்பும் சுழல்காற்று நிமிடத்துக்குச் சில நூறு அடி கீழே இறங்கும்; கண்ணுக்குத் தெரியாது. 1993 டிசம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், போயிங் 757-இன் பாதைக்குக் கீழே பின்தொடர்ந்த சிறிய ஜெட் விழுந்து, அதிலிருந்த 5 பேரும் இறந்தார்கள். பாவம், இடைவெளி 2 மைல்தான் இருந்தது. பலத்த காற்று சுழலைச் சீக்கிரம் கலைத்துவிடும். பின்பக்கவாட்டிலிருந்து மெல்ல வீசும் காற்றுதான் மோசம். சுழலை நீங்கள் இறங்கும் இடத்துக்கே தள்ளிவிடும். சந்தேகமா? கட்டுப்பாட்டு அறையிடம் கூடுதல் இடைவெளியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.