பிரைமரும் டிஎன்ஏவும் கெடாமல் இருக்க: கரைப்பது முதல் ஜெல் வெட்டுவது வரை

டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையைத் தொடங்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ இழையே பிரைமர். உலர்ந்த நிலையில் வந்து சேரும் அது, குழாயின் சுவரிலோ மூடியிலோ கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கலாம் என்பதால், திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுழற்றி அதை அடியில் இறக்கிக்கொள்ள வேண்டும். லேபிளில் உள்ள நானோமோல் அளவைப் பத்தால் பெருக்கினால், சேர்க்க வேண்டிய மைக்ரோலிட்டர் கணக்கு வந்துவிடும்: 23.4 நானோமோலுக்கு 234 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும்.

எதில் கரைக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். காய்ச்சி வடித்த நீர் தூய்மையானதுதான். ஆனால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு அதன் பிஎச் 6-க்கும் கீழே இறங்கிவிடும். அமிலச் சூழலில் அடினைன், குவானைன் ஆகிய பியூரின் காரங்களில் (டிஎன்ஏவின் எழுத்துகளான மூலக்கூறுகளில்) புரோட்டான் ஏறி, அவற்றைச் சர்க்கரையோடு இணைக்கும் பிணைப்பு தளர்ந்து, காரம் உதிர்ந்துவிடுகிறது. காரம் இழந்த அந்த இடத்தில், குறிப்பாகச் சூடேற்றும்போது, இழையே அறுந்துபோகும். மனித செல் ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 பியூரின்கள் இவ்வாறு உதிர்கின்றன என்றாலும், அங்கே பழுதுபார்க்க நொதிகள் உண்டு. குழாயில் யாரும் இல்லை.

ஆகவே 10 மில்லிமோலார் டிரிஸும் 0.1 மில்லிமோலார் ஈடிடிஏவும் கொண்ட, பிஎச் 8 உள்ள டிஇ பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) கரைப்பதே நல்லது. டிரிஸ் பிஎச்சை நிலைநிறுத்தும். டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் பலவற்றுக்குத் தேவையான மக்னீசியத்தை ஈடிடிஏ பிடித்து வைத்துக்கொள்ளும். பிசிஆருக்கு வேண்டிய மக்னீசியத்தையும் அது பிடித்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம்: 25 மைக்ரோலிட்டர் வினையில் 1 மைக்ரோலிட்டர் பிரைமர் சேர்த்தால் ஈடிடிஏ 0.004 மில்லிமோலாராகக் குறைந்துவிடும்; மக்னீசியமோ வழக்கமாக 1.5 மில்லிமோலார் இருக்கும்.

100 மைக்ரோமோலார் மூலக் கரைசலை மைனஸ் 20 டிகிரியில் வைத்து, அதிலிருந்து நீர்த்த 10 மைக்ரோமோலார் கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். பனி தானே உருகும் வகை ஃபிரீசர் அவ்வப்போது சூடாகித் தணியும் என்பதால் இதற்கு ஏற்றதன்று. ஒளிரும் சாயம் பூட்டிய பிரைமரை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது அவசியம்.

பிசிஆரில் பெருக்கிய டிஎன்ஏவை ஜெல்லில் மின்னோட்டத்தால் அளவு வாரியாகப் பிரித்து, வேண்டிய பட்டையை வெட்டும் வேளையிலும் அந்த டிஎன்ஏவுக்குச் சேதம் நேர்கிறது. 312 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அடுத்தடுத்துள்ள தைமின் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால், பின்னர் அந்த டிஎன்ஏவை பாக்டீரியாவில் செலுத்திப் பெருக்கும் குளோனிங்கில் பாக்டீரியாக் காலனிகள் குறையும். நீல ஒளிப் பெட்டி இல்லையெனில், அடுத்த தடத்தில் அதே மாதிரியைச் சிறிதளவு ஏற்றி, அந்தத் தடத்தை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் புற ஊதாவில் பார்த்து, பட்டையின் இடத்தில் பிளேடால் கீறி, ஜெல்லோடு மீண்டும் பொருத்தி, புற ஊதா படாத பகுதியை அக்கீறலுக்கு நேராக வெட்டிக்கொள்ளலாம்.